பல வாயும் ஒரு கணக்கும்

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் அகப்படும் என்று ஆசை காட்டித் தம் முன்னோரைக் கப்பலேற்றினார்கள் என்பது, மலைநாட்டுத் தோட்டங்களில் இன்றும் முதியோர் வாய்மொழியாக வழங்கும் செய்தி. பண்டாரவளையிலிருந்து மலைச்சரிவுகளைச் சுற்றிச் சுற்றிக் கொஸ்லாந்தைப் பக்கம் செல்லும் பாதையிலுள்ள பூனாகலையிலும், அதனை அடுத்த ஊவாத் தோட்டங்களிலும் இக்கதையை அறியாதார் அரியர். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், கேட்போரும் சிரிப்பார்கள். ஆயினும், தேங்காய் மரத்தில் காய்ப்பது என்பதையும், மாசி கடல் மீனிலிருந்து வருவது என்பதையும் அறியாத பேதையாகவா இருந்தான் தமிழ்நாட்டு உழவன் என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

அவன் பேதையல்லன். முதலாவதாக, அவன் வயிறு காய்ந்திருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தை எண்ணிப் பார்த்தால், பசியே முதற் கங்காணி என்பது விளங்கும். இரண்டாவதாக, அக்கதையை அவன் ஒருவர் வாயிலாக மட்டும் கேட்கவில்லை. திருச்சிராப்பள்ளிச் சீமையில் ஒரு கங்காணி சொன்னதையே சேலத்துச் சந்தையில் வேறொருவர் சொன்னார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த உறவினரும் அதையே சொன்னார். ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒன்றையே சொன்னால் அது மெய்யாயிருக்கும் என்று கொள்வது மனித இயல்பு. நீதிமன்றமும் அவ்வாறே கொள்கின்றது. ஆனால் சாட்சிகள் மூவரும் ஒருவரிடமே படி வாங்கியவர்கள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? மூன்று சாட்சியம் ஒரு சாட்சியமாகக் குறுகிவிடும்.

பல வாய்களிலிருந்து வரும் ஒரே சொல்லின் பின்னே ஒரு கை மறைந்திருக்கின்றதா என்று எவ்வாறு அறிவது? இதுவே நமது இன்றைய பேச்சின் பொருள். கங்காணி காலத்தில் தொடங்கி, இணையத்தளங்களின் காலம் வரை இதனைத் தொடர்ந்து பார்ப்போம்.

கங்காணி தன் சொந்த ஊருக்கே திரும்பிச் சென்று ஆள் சேர்த்தான். அதிலேதான் அந்த முறையின் வலிமை இருந்தது. அவன் அந்நியனல்லன்; மாமனோ மைத்துனனோ பங்காளியோ ஆவான். தலைப்பாகையும் கோட்டும் அணிந்து, கையில் குடையும் மடியில் பணமுமாக வந்து நின்ற அவனைக் கண்டவர்களுக்கு, அவன் தோற்றமே சான்றாயிற்று. ஊர்க் கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் அவன் பணம் கொடுத்தான். அது அவனுடைய பணம் என்றே எல்லோரும் எண்ணினர். உண்மை வேறு. தோட்டத் துரை பெரிய கங்காணியிடம் கொடுத்தனுப்பிய முற்பணம் அது. தோட்டத்துக் கணக்கேடுகளில் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்று பதியப்பட்டது. துரைக்கு மேலே கொழும்பிலிருந்த முகவர் நிறுவனங்கள். அவற்றுக்கும் மேலே இலண்டனிலிருந்த பங்குதாரர்கள். ஊர்ச் சாவடியில் கேட்ட உறவினன் குரல், கடல் கடந்த ஒரு கணக்குப் புத்தகத்தின் குரலாயிருந்தது.

அந்தப் பணம் கொடையன்று; கடன். பெரிய கங்காணி அதனைத் தொழிலாளியின் பேரில் எழுதினான். தொழிலாளி தோட்டம் மாற விரும்பினால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்தக் கூட்டத்தை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டத்துத் துரை அத்துண்டுக்குப் பணம் கட்டுவார். பழைய கடன் தீரும். தொழிலாளியின் பேரில் புதிய கடன் தோன்றும். கூட்டத்தை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு நகர்த்தும்போதெல்லாம் தொகை கூடிக்கொண்டே போனதும், கூடியதில் ஒரு பங்கு கங்காணியின் மடியில் தங்கியதும் உண்டு. ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்த ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசும் கிடைத்தது. கூட்டம் பெருகுவதில் அவனுக்கு இருந்த அக்கறைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இனி, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். அது ஒரு தகர வில்லை. தோட்டத்துரைமார் 1904 இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் என்னும் அலுவலகத்தைத் தமக்கெனப் பொதுவில் நிறுவினர். அக்காலத்தை ஒட்டிப் பரவிய முறையின்படி, புறப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு தகர வில்லை வழங்கப்பட்டது. ‘டின் டிக்கட்’ என்று ஆங்கிலேயர் அதனை அழைத்தனர். மாவட்டத்தைக் காட்டும் ஓர் எழுத்தும், தோட்டத்தைக் காட்டும் ஓர் இலக்கமும், ஆளைக் காட்டும் ஒரு வரிசை இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. கழுத்தில் அதனைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தவரை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, அவருடைய வழிச்செலவை எந்தத் தோட்டத்துக் கணக்கில் எழுதுவது என்பன வில்லையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தன. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர், மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களின் பயணக் கணக்கு இவ்வாறு ஒழுங்காக நடந்தது.

எண்ணிப் பாருங்கள். இருவர் இரு வேறு மாவட்டங்களிலிருந்து, இரு வேறு கங்காணிகளின் வார்த்தையைக் கேட்டுப் புறப்பட்டு வருகின்றனர். ஒருவரையொருவர் கண்டதில்லை. மண்டபத்தில் அருகருகே அமரும்போது இருவர் கழுத்திலும் ஒரே எழுத்து, ஒரே தோட்ட இலக்கம். வரிசை இலக்கம் மாத்திரமே வேறு. கதை சொன்ன வாய்கள் இரண்டானாலும் பணம் கட்டிய கணக்கு ஒன்று என்பதை அந்தத் தகரம் சொல்லிவிடுகின்றது. எழுத்தறியாத அவர்களால் அதனைப் படிக்க முடியவில்லை என்பதே துயரம். வில்லையை அடித்தவர்களும் உண்மையை வெளியிடும் நோக்கத்தோடு அதனை அடிக்கவில்லை. செலவு வேறொரு தோட்டத்துக் கணக்கில் விழுந்துவிடக் கூடாதே என்ற சிக்கன நோக்கமே அவர்களுக்கு இருந்தது. கணக்குக்காக இட்ட குறியே பிற்காலத்தில் சாட்சியாயிற்று.

மறைந்திருந்த கணக்கை வெளிக்கொணர நெடுங்காலம் பிடித்தது. இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட மார்ஜோரிபாங்ஸ் என்ற ஆங்கில அதிகாரியும் அகமது தம்பி மரைக்காயரும், இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1917 இல் அறிக்கை அளித்தனர். துண்டு முறை 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தால் ஒழிந்தது. அந்த ஆண்டில் ‘தேசநேசன்’ என்னும் தமிழ் நாளிதழைக் கொழும்பில் நடத்திய கோ. நடேசய்யர், வெளியார் தோட்டங்களுக்குள் நுழைய முடியாதிருந்த காலத்தில் புடவை வியாபாரியாக உருமாறி லயங்களுக்குள் சென்றார் என்பர். மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, துணியை விற்பதைவிடக் கேள்வி கேட்பதிலேயே அவர் நாட்டம் சென்றிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். இறுதியில் 1939 ஓகஸ்ட் 1 ஆம் நாள் முதல், உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கமே தடைசெய்தது. கங்காணி ஆள் சேர்த்த காலம் அத்துடன் முடிந்தது.

கங்காணி போனான், பல வாயும் ஒரு கணக்கும் போகவில்லை. இன்று பொய்ச் செய்தியைப் பரப்புவோர் ஊருக்கு ஒருவரை அனுப்ப வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு செய்தித்தாள் போலத் தோன்றும் இணையத்தளங்களை ஓர் அறையிலிருந்தே நூற்றுக்கணக்கில் உண்டாக்கிவிடலாம். ஒன்று சொன்னதை இன்னொன்று மேற்கோள் காட்டும். அதனை மூன்றாவது எடுத்தாளும். படிப்பவர், மூன்று நாட்டுப் பத்திரிகைகள் ஒத்துக் கூறுகின்றன என்று மயங்குவார். இவற்றுக்கும் கழுத்தில் தகரம் உண்டா?

உண்டு. தளம் நடத்துவோர், தம் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தனர் என்று அறிய விரும்புவர். அதற்காகக் கூகுள் நிறுவனம் தரும் ஒரு குறியீட்டைத் தளத்தின் உள்ளே பதித்து வைப்பர். 2023 வரை வழக்கிலிருந்த முறையில், அக்குறியீட்டில் ஒரு கணக்கு இலக்கமும், அதன் பின்னே ஒரு வரிசை இலக்கமும் இருந்தன. ஒருவர் தம் பத்துத் தளங்களையும் ஒரே கணக்கில் வைத்திருந்தால், பத்திலும் கணக்கு இலக்கம் ஒன்றாகவே இருக்கும். இறுதி இலக்கம் மட்டும் மாறும். தோட்ட இலக்கமும் ஆள் இலக்கமும் போலவே! விளம்பர வருமானம் போய்ச் சேரும் கணக்குக்கும் இத்தகைய குறி உண்டு. பக்கத்தின் முகப்பில் இது தெரியாது; ஆயினும் பக்கத்தின் மூல எழுத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் இதனைப் படிக்கலாம்.

பெயர் மறைத்து எழுதுவோரை இவ்வழியாக அடையாளங் காண முடியும் என்று 2011 இல் அமெரிக்கரான ஆண்டி பாயோ எடுத்துக்காட்டினார். 2015 இல் லாரன்ஸ் அலெக்சாண்டர் என்ற ஆய்வாளர், ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலக் காட்டிக்கொண்ட ரஷ்ய ஆதரவுத் தளங்கள் பல ஒரே கணக்கு இலக்கத்தை உடையன என்று கண்டுபிடித்தார்.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பு நோக்கிய பதிப்பாசிரியர்களுக்கு இவ்வித வேலை புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலான பெரியோர் அச்சேற்றும் முன் பல ஊர் ஏடுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தனர். இரண்டு ஏடுகளில் ஒரே நல்ல பாடம் இருப்பதனால் அவ்விரண்டுக்கும் உறவு என்று சொல்லிவிட முடியாது. மெய்யான பாடம் எங்கும் இருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தாலோ, இரண்டும் ஒரே தாயேட்டிலிருந்து படியெடுத்தவை என்று ஐயுற இடமுண்டு. பொய்த்தளங்களை ஆராய்வோரும் பிழையையே தேடுகின்றனர்.

இந்தியாவிலிருந்து நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2019 இல், ஐரோப்பியப் பாராளுமன்றச் செய்தி இதழ் என்று சொல்லிக்கொண்ட ‘ஈபி டுடே’ என்னும் தளம், ரஷ்ய ஊடகச் செய்திகளைப் பெருமளவில் மறுபதிப்புச் செய்வதை ஐரோப்பிய ஒன்றிய அலுவலர் கவனித்தனர். பிரசல்ஸ் நகரிலுள்ள ஈயூ டிஸின்ஃபோலாப் என்னும் ஆய்வு நிறுவனம் அதனைத் தொடர்ந்து துருவிற்று. ரஷ்யக் கையைத் தேடிப் புறப்பட்டவர்கள் புது டெல்லியின் ஸ்ரீவாஸ்தவா குழுமத்தின் வாசலில் போய் நின்றனர். அதே வலையில் 65 இற்கு மேற்பட்ட நாடுகளின் பேரால் 265 பொய்ச் செய்தித்தளங்கள் இருந்தன. பாகிஸ்தானைக் குறைகூறும் கட்டுரைகள் அவற்றில் மீண்டும் மீண்டும் தோன்றின. ஒன்றில் வெளிவந்ததை மற்றது எடுத்து வெளியிட்டது.

அவை எவ்வாறு அகப்பட்டன? தளப்பெயர்களை வாங்கியபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரிகள் ஒரே இடத்தைக் காட்டின. தளங்கள் பல, ஒரே கணினி வழங்கியில் தங்கியிருந்தன. பெயர்களும் காட்டிக் கொடுத்தன. என்றோ நின்றுபோன பத்திரிகைகளின் பெயர்களை எடுத்துச் சூட்டியிருந்தார்கள். அவற்றில் ‘மான்செஸ்டர் டைம்ஸ்’ என்பதன் கதை சுவையானது. தன்னைப் பற்றிய அறிமுகமாக, பழைய மான்செஸ்டர் டைம்ஸ் பற்றி விக்கிப்பீடியாவில் இருந்ததை அத்தளம் அப்படியே படியெடுத்து வைத்திருந்தது. அப்பெயரில் கடைசி இதழ் 1922 இல் வெளிவந்தது என்ற இறுதி வாக்கியத்தை மட்டும் வெட்டிவிட்டது. இறந்தவனுடைய உடுப்பை அணிந்துகொண்டவன், அவனது மரணச் சான்றிதழை மறைத்த மாதிரி.

இது வெறும் உவமையன்று. 2020 டிசெம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட ‘இந்தியன் குரோனிக்கிள்ஸ்’ என்னும் இரண்டாவது அறிக்கை, இவ்வேலை 2005 இலிருந்து பதினைந்து ஆண்டுகள் நடந்ததென்றும், 116 நாடுகளைத் தொட்டு 750 இற்கு மேற்பட்ட பொய் ஊடகங்களை உள்ளடக்கியதென்றும் கூறியது. செயலிழந்துபோன அரசு சாரா அமைப்புக்களும் உயிர்ப்பிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றின் சார்பில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் சர்வதேச மனித உரிமைச் சட்டத்தின் மூலவர்களுள் ஒருவருமான லூயி சோன் 2007 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் கூட்டத்தில் பங்குபற்றியதாகப் பெயர் பதியப்பட்டிருந்தது. அவர் 2006 இலேயே காலமாகிவிட்டார்.

இந்திய அரசாங்கமே இதனை நடத்தியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அரசாங்கமும் தனக்குத் தொடர்பில்லை என்று மறுத்தது. இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. மறைந்த தொடர்பைக் கண்டுபிடிக்கும் கலை, தன் எல்லையை மறந்தால் தானே ஒரு பொய்ச்செய்தித் தொழிற்சாலையாகிவிடும். ஒரே வழங்கியில் ஆயிரக்கணக்கான தளங்கள் தங்குவது சாதாரணம். வாடகை வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவரெல்லாம் உறவினராவரா? தளம் அமைத்துத் தருவதைத் தொழிலாகக் கொண்டவர், தம் கணக்குக் குறியீட்டையே பல வாடிக்கையாளரின் தளங்களிலும் பதித்துவிடுவதுண்டு. ஒருவர் பக்கத்தை மற்றொருவர் முழுமையாகத் திருடும்போது குறியீடும் கூடவே போய்விடும். ஒரு குறி ஐயத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. வெவ்வேறு வகையான மூன்று நான்கு குறிகள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் ஆய்வாளர் வாய் திறக்கலாம்.

வில்லையை அணிந்திருந்தவன் பொய் சொன்னவனல்லன். பொய்க்கு இரையானவன் என்பதையும் மறக்கலாகாது. ஒரு பொய்ச் செய்தியைக் கைப்பேசியில் அடுத்தவருக்கு அனுப்புகின்ற லயத்துப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, கணக்குப் புத்தகத்தைத் தேடாமல் விடுவது எளிது. கங்காணி காலத்திலும் அதுவே நடந்தது. துண்டில்லாமல் தோட்டத்தை விட்டு ஓடியவனைப் பிடித்துச் சிறையிலிட்டார்கள். முற்பணத்தை அனுப்பியவரை எவரும் விசாரிக்கவில்லை.

எல்லாப் பிழையான செய்திக்கும் கூலி கொடுத்தவர் உண்டென்றும் கருதலாகாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பூனாகலைக்கு அயலிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற் போனோர் நூற்றுக்கணக்கானோர் என்று முதல் நாளில் உலகமெங்கும் செய்தி பறந்தது. பின்னர் அத்தொகை பல மடங்கு குறைந்தது. உலகப் பத்திரிகைகள் பல அதனைச் சொன்னபோதிலும், அவை பல சாட்சிகளல்ல. அவசரத்தில் சொல்லப்பட்ட ஒரு மதிப்பீட்டையே எல்லாம் எதிரொலித்தன. இதில் வஞ்சகம் இல்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை உணவகமொன்றின் கறியில் கருத்தடை மாத்திரை கலந்ததாக எழுந்த வதந்தி வேறு வகையானது. சோதனையில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. ஆயினும் அந்த வதந்தி முகநூலில் பெருகி வெறுப்பை வளர்த்தது. மறுமாதம் திகனையில் வன்செயல் மூண்டது. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிறப்பித்துச் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கிற்று. அங்கே அச்சமும் பகையும் கூலியில்லாமலே வேலை செய்தன. அந்த வன்செயலில் தன் தளம் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 இல் வருத்தம் தெரிவித்தது.

ஆள் சேர்க்கும் கதையோ இன்றும் பழைய இடத்திலேயே நிற்கின்றது. தேங்காயும் மாசியும் போய், தாய்லாந்தில் கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்று அது உருமாறிவிட்டது. அவ்வாறு சென்ற இலங்கை இளைஞர் பலர் மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலைக்கு வற்புறுத்தப்பட்டனர். 2024 இல் அவர்களிற் சிலர் மீட்கப்பட்டுத் திரும்பினர். இத்தகைய விளம்பரத்தை ஒரு பக்கத்தில் காண்பவர், வேறு பெயருள்ள இன்னொரு பக்கத்திலும் காணலாம். அறிந்தவர் ஒருவர் அனுப்பியதாகவும் அது வரலாம். அப்போது செய்யத்தக்கது, எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதன்று. இரு பக்கங்களிலும் தரப்பட்ட தொலைபேசி இலக்கம் ஒன்றா, படம் ஒன்றா, எழுத்துப் பிழை ஒன்றா, பக்கம் தொடங்கி எத்தனை நாளாயிற்று என்று பார்ப்பது. இதற்குப் பெரிய கல்வி வேண்டியதில்லை. பாடசாலைப் பிள்ளையொன்று கைப்பேசியுடன் அருகில் இருந்தாற் போதும்.

இன்னுமொரு குறியும் உண்டு. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் எவரும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உரிமம் பெறவேண்டும். உரிமத்துக்கு ஓர் இலக்கம் உண்டு. அது செல்லுமா என்று பணியகத்திடம் விசாரித்து அறியலாம். அக்காலத்து இலக்கத்தைப் போகிறவர் கழுத்தில் மாட்டினார்கள். இவ்விலக்கத்தை அழைக்கிறவரிடம் கேட்கலாம்.